வீட்டுத் தொட்டியில் ஆக்டோபஸ்: மூடியிலிருந்து முட்டை வரை

ஆக்டோபஸ் வளர்ப்பில் முக்கால் பங்கு வேலை, அது வீட்டுக்கு வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தொட்டியில் சின்னக் கோளாறு இருந்தால் மீன் ஓரிரு மாதம் தள்ளாடிப் பிறகு தேறிவிடும். ஆக்டோபஸுக்கு அந்த அவகாசம் கிடையாது. வீட்டில் வளர்க்கத் தோதான இனங்களின் ஆயுளே ஒன்று, ஒன்றரை ஆண்டுதான். உங்கள் கைக்கு வந்து சேரும்போது அதில் பாதி கழிந்திருக்கலாம். "வாங்கி விட்டுவிட்டுத் தண்ணீரை மெதுவாகச் சரிசெய்யலாம்" என்று நீங்கள் ஒதுக்கும் இரண்டு மாதம், அது தெம்பாக இருக்கும் கடைசி இரண்டு மாதமாக இருக்கக்கூடும்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். கடல்நீர்த் தொட்டியே வைத்துப் பழகாதவர்கள் இதில் தொடங்க வேண்டாம். ஓராண்டாவது ஒரு கடல்நீர்த் தொட்டியை ஆட்டம் காணாமல் ஓட்டியவர்களுக்கானது இது.

1. எந்த இனம்

கலிஃபோர்னியா இருபுள்ளி ஆக்டோபஸ்தான் முதல் தேர்வு. அறிவியல் பெயர் ஆக்டோபஸ் பைமாகுலாய்டிஸ். வளர்ப்பவர்கள் சுருக்கமாக பைமாக் என்பார்கள். வளர்ந்தால் உடல் 15–18 செ.மீ., கைகள் ஏறத்தாழ அரை மீட்டர். பகலிலும் வெளியே வரும், ஆள் வந்தால் கண்ணாடிப் பக்கம் வந்து பார்க்கும், மிதமான குளிர்நீரில் வாழும். கரீபியன் பாறை ஆக்டோபஸ் 24–26 டிகிரியில் வாழும் என்பது வசதிதான். ஆனால் அது இரவு நேரப் பிராணி. குள்ள இனங்கள் 100 லிட்டர் தொட்டியிலேயே வாழும். பகலில் அவற்றை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். பசிபிக் ராட்சத ஆக்டோபஸை வீட்டில் வளர்ப்பது பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

நீலவளைய ஆக்டோபஸ் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். அதன் கடியில் இருக்கும் டெட்ரோடோடாக்சின் மூச்சுத் தசைகளை முடக்கும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. பைமாக்குக்கும் நீல வளையம் உண்டு என்பதால் குழப்பம் வரும். பைமாக்கில் ஒவ்வொரு கண்ணுக்கும் கீழே ஒரே ஒரு வளையம். நீலவளைய இனத்தில் உடலிலும் கைகளிலும் பல வளையங்கள். கடைக்காரருக்கு இனம் தெரியவில்லை, "பிரவுன் ஆக்டோபஸ்" என்று மட்டும் சொல்கிறார் என்றால் வாங்காதீர்கள். இனம் தெரியாமல் வெப்பநிலையையும் தொட்டியின் அளவையும் தீர்மானிக்க முடியாது.

நம் கடலில் மீனவர்கள் பேய்க்கணவாய் என்று சொல்வதும் ஆக்டோபஸ்தான். வலையில் ஏறியதை உயிரோடு வாங்கி வந்து தொட்டியில் விடும் ஆசை பலருக்கு வரும். இழுவையில் அடிபட்டு, வெயிலில் கிடந்து, வயது தெரியாமல் வரும் அந்த உயிர் சில நாள்தான் தாங்கும்.

2. தொட்டியும் கருவிகளும்

ஒரு பைமாக்குக்கு 120 × 45 × 50 செ.மீ. தொட்டி சரியான அளவு. கொள்ளளவு 270 லிட்டர். அடியில், வடிகட்டும் கருவிகளை வைக்கும் துணைத் தொட்டியான சம்ப், 60–80 லிட்டர். 200 லிட்டருக்குக் கீழே இறங்க வேண்டாம். இடம் போதாது என்பதைவிட, கழிவு தாங்காது என்பதுதான் முக்கியக் காரணம். ஆக்டோபஸ் முழுக்க முழுக்க மாமிச உண்ணி. நண்டை உடைத்து உறிஞ்சிவிட்டு மிச்சத்தை வாசலில் போடும். அதே எடையுள்ள மீனைவிட அதிகம் அசுத்தம் செய்யும். அதனால் வடிகட்டலை மீன் தொட்டிக்குப் போடும் கணக்கில் இரண்டு மடங்காகப் போடுங்கள். 270 லிட்டர் தொட்டிக்கு 500 லிட்டர் என்று மதிப்பிட்ட புரோட்டீன் ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி), சம்பில் பாக்டீரியா குடியேறச் செராமிக் மீடியா, எப்போதும் ஒரு பையில் ஆக்டிவேட்டட் கார்பன்.

பைமாக்குக்கு 18–22 டிகிரி செல்சியஸ் வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ இதற்கு நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் வழியே இல்லை. சம்போடு சேர்த்து 350 லிட்டரை 32 டிகிரி அறையில் 20-க்கு இறக்க, குறைந்தது கால் எச்பி. அதன் வெப்பப் பரிமாற்றக் குழாய் டைட்டானியம்தானா என்று கேட்டு வாங்குங்கள். சில்லர் வெளியே தள்ளும் சூடு அதே அறையில் தேங்கினால் அது ஓயாமல் ஓடும், மின் கட்டணமும் ஏறும். காற்றோட்டமான பக்கம் வையுங்கள். தொட்டியின் பின்புறத்துக்கும் பக்கங்களுக்கும் 25 மி.மீ. ஃபோம் ஷீட் ஒட்டினால் சில்லருக்குப் பாரம் குறையும். கடலோர ஊர்களில் குளிர்ந்த முன் கண்ணாடியில் பனி படிந்து ஒன்றும் தெரியாமல் போகும், 12 மி.மீ. கண்ணாடி போட்டால் அது குறையும்.

தாமிரம் கூடவே கூடாது. ஆக்டோபஸின் ரத்தம் நீலமாக இருப்பதற்குக் காரணமே தாமிரம் கொண்ட ஹீமோசயனின்தான். ஆனால் தண்ணீரில் கரைந்த தாமிரம் மிகச் சிறிய அளவிலேயே அதைக் கொன்றுவிடும். முன்பு மீன் நோய்க்குத் தாமிர மருந்து போட்ட பழைய தொட்டி, பாறை, மணல் எதையும் பயன்படுத்தாதீர்கள். தாமிரம் பாறையில் ஊறி மாதக்கணக்கில் கசியும். பித்தளை வால்வு, செம்புக் குழாய் வழியாக வந்த தண்ணீர் இரண்டும் வேண்டாம்.

பாறை 20 கிலோ போதும். இந்தியாவில் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடலிலிருந்து எடுத்த லைவ் ராக் (உயிரினங்கள் ஒட்டிய பாறை) என்று யாராவது விற்றால் ஒதுங்கிவிடுங்கள். உலர் பாறை, செராமிக் பாறை போதுமானவை. அடுக்கும்போது பாறையைத் தொட்டியின் தரையில் நேரடியாக ஊன்றி, பிறகு 2–3 செ.மீ. மணல் போடுங்கள். மணல் மேல் பாறையை வைத்தால் ஆக்டோபஸ் அடியில் தோண்டும், அடுக்கு சரிந்து அதன் மேலேயே விழும். கற்களை எபாக்ஸியால் ஒட்டிவிடுவது இன்னும் நல்லது.

வளைகள் இரண்டு மூன்று இருக்கட்டும்: உடல் மட்டும் நெருக்கமாக நுழையும் வாயுள்ள பூந்தொட்டி, பிவிசி குழாய், பெரிய சங்கு. பாக் நீரிணையில் வெறும் சங்கு ஓடுகளைக் கயிற்றில் கோத்துக் கடலில் போட்டே பேய்க்கணவாய் பிடிப்பார்கள், இரைகூட வைப்பதில்லை. இருட்டான, இறுக்கமான ஓட்டை அதற்கு அவ்வளவு பிடிக்கும். ஒரு வளையையாவது முன் கண்ணாடியை ஒட்டி வாய் தெரியும்படி வையுங்கள்; இல்லாவிட்டால் பின்பக்கப் பாறையிடுக்கில் குடியேறிவிடும், பிறகு ஆள் இருக்கிறதா என்று தேடியே பொழுது போகும்.

3. மூடி

மூடிக்குத் தனிப் பகுதி ஒதுக்கக் காரணம் இருக்கிறது. ஆக்டோபஸின் உடலில் கெட்டியான பகுதி அலகு ஒன்றுதான். அலகு நுழையும் துளையில் மற்ற உடலும் நுழையும். நியூசிலாந்தின் நேப்பியர் நகரத் தேசிய அக்வேரியத்தில் இங்கி என்ற ஆக்டோபஸ், 2016-இல் மூடியில் விட்டிருந்த சிறு இடைவெளி வழியாக இறங்கி, தரையைக் கடந்து, 50 மீட்டர் வடிகுழாய் வழியாகக் கடலுக்கே போய்விட்டது. வீட்டில் கடல் இல்லை; சோபாவுக்கு அடியில் காய்ந்து கிடக்கும்.

மூடிக்கு 6 மி.மீ. பாலிகார்பனேட் அல்லது கண்ணாடி. மெல்லிய அக்ரிலிக் ஈரத்தில் வளைந்து ஓரத்தில் இடைவெளி விடும். நான்கு பக்கமும் கிளாம்ப் அல்லது பூட்டும் கொக்கி. மேலே கனமான புத்தகம் வைப்பது பூட்டு ஆகாது. குழாயும் வயரும் போகும் வழிகளைச் சுற்றிக் கரடுமுரடான ஃபில்டர் ஸ்பான்ஜை இறுக்கித் திணியுங்கள். தொட்டியின் மேல் விளிம்பில் உள்பக்கமாக 5 செ.மீ. அகலத்துக்குச் செயற்கைப் புல் விரிப்பை ஒட்டினால் உறிஞ்சிகள் அங்கே பிடிக்காது. பொதுக் காட்சியகங்களில் செய்யும் ஏற்பாடு இது. மூடிக்கு மாற்றாகாது, கூடுதல் காவல் அவ்வளவுதான்.

தண்ணீர் வழிந்து சம்புக்கு இறங்கும் ஓவர்ஃப்ளோவின் பற்களை 3 மி.மீ. பிளாஸ்டிக் வலையால் மூடி, வலையை ஒட்டாமல் தைத்துவிடுங்கள், ஒட்டியதைப் பிய்த்துவிடும். பம்ப் உறிஞ்சும் வாய்கள் எல்லாவற்றுக்கும் ஸ்பான்ஜ் உறை. உறையில்லாத பவர்ஹெட்டில் (தொட்டிக்குள் நீரோட்டம் தரும் பம்ப்) கைநுனி சிக்கி அறுந்துபோவது சாதாரணமாக நடக்கும். கை மறுபடி வளரும் என்றாலும், அந்த வாரங்களில் அது சாப்பிடாமல் ஒடுங்கிக் கிடக்கும். ஹீட்டர் தேவைப்படும் ஊர் என்றால் சம்புக்குள் வையுங்கள். தொட்டிக்குள் வைத்தால் கட்டிப்பிடித்துச் சுட்டுக்கொள்ளும்.

அதன் கை எட்டும் தூரத்தில் வால்வு, தளர்வான குழாய் எதுவும் இருக்கக் கூடாது. கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா கடற்கரைக் காட்சியகத்தில் 2009-இல் ஒரு பைமாக் வால்வைத் திருகிப் பிரித்துவிட, சுமார் 750 லிட்டர் தண்ணீர் தரையில் கொட்டியது. விளக்கும் மூடிக்கு மேலே, நீர் பீய்ச்சல் படாத இடத்தில் இருக்கட்டும். ஜெர்மனியின் கோபர்க் காட்சியகத்தில் ஓட்டோ என்ற ஆக்டோபஸ் 2008-இல் விளக்கின் மீது தண்ணீர் பீய்ச்சி மின்சாரத்தையே துண்டித்தது. விளக்கு மங்கலாகவே போதும், இங்கே பவளம் வளர்க்கப் போவதில்லை. இரவில் பார்க்கச் சிவப்பு எல்இடி.

4. தண்ணீரும் மூன்று மாதக் காத்திருப்பும்

ஆர்ஓ-டிஐ முறையில் கரைந்த உப்புகளை நீக்கிய தண்ணீர், டிடிஎஸ் (கரைந்த திடப்பொருளின் அளவு) பூஜ்யம். வீட்டுக் குடிநீர் ஆர்ஓ இயந்திரம் டிடிஎஸ்ஸைக் கொஞ்சம் விட்டு வைக்கும்; அது போதாது. கடல் உப்புக் கலவை லிட்டருக்கு ஏறத்தாழ 36–38 கிராம், அதாவது முதல் நிரப்பலுக்குச் சம்பும் சேர்த்துச் சுமார் 12 கிலோ. சமையல் உப்பு, கல் உப்பு எதுவும் இதற்கு உதவாது. வாளியில் பம்ப் போட்டு ஒரு நாள் சுழலவிட்டு, உப்படர்த்தியை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்த பிறகே ஊற்றுங்கள்.

எட்ட வேண்டிய அளவுகள்:

உப்படர்த்தி 1.025–1.026
பிஎச் 8.1–8.3
அம்மோனியா 0, நைட்ரைட் 0
நைட்ரேட் 20 பிபிஎம்-க்குக் (பத்து லட்சத்தில் 20 பங்கு) கீழ்
வெப்பநிலை 18–22 டிகிரி, ஒரே நாளில் ஒரு டிகிரிக்கு மேல் ஆடாமல்

கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவை முதலில் வளர்க்க வேண்டும். அதற்கு அம்மோனியம் குளோரைடு சேர்த்து அம்மோனியாவை 2 பிபிஎம்-க்கு ஏற்றி, தினமும் அளந்து பாருங்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில், போட்ட 2 பிபிஎம் 24 மணி நேரத்துக்குள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லாமல் மறையும். பலர் இந்த இடத்தில் ஆக்டோபஸை வாங்கிவிடுகிறார்கள். அவசரம். பாக்டீரியா இன்னும் அவ்வளவு கழிவைத் தாங்கும் அளவுக்குப் பெருகவில்லை. அடுத்த ஒன்றரை, இரண்டு மாதம் தொட்டியில் ஹெர்மிட் நண்டும் (காலிச் சங்கில் குடியிருக்கும் நண்டு) நத்தையும் விட்டு, ஆக்டோபஸுக்குக் கொடுக்கப் போகும் அளவு இறாலைப் போட்டு ஓட்டுங்கள். அந்தத் தீனிக்கும் அம்மோனியா பூஜ்யத்தில் நின்றால் தொட்டி தயார். அந்த நண்டுகளையும் நத்தைகளையும் அப்படியே விட்டுவிடலாம், வருகிறவர் தின்றுகொள்வார்.

பிராணவாயு இன்னொரு கவலை. குளிர்நீரில் அதிகம் கரையும், சூடானால் குறையும். ஆக்டோபஸுக்கோ நிறையத் தேவை. மின்வெட்டில் சில்லரும் பம்பும் ஒரே நேரத்தில் நின்றால் இரண்டு மணி நேரத்தில் சிக்கல் தொடங்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று தயாராக இருக்கட்டும். சம்பிலிருந்து தண்ணீரை மேலேற்றும் ரிட்டர்ன் பம்பையும் ஸ்கிம்மரையும் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள்.

5. வாங்குவதும் விடுவதும்

இருப்பதில் சின்னதை எடுங்கள். பெரிதாக, கம்பீரமாக இருப்பதற்கு நாள் குறைவு. விற்பவர் முன்னால் ஒரு நண்டைக் காட்டச் சொல்லுங்கள்: கண்கள் இரை போகும் பக்கம் திரும்ப வேண்டும், நிறம் மாற வேண்டும், உறிஞ்சிகள் பிடிக்க வேண்டும். கைநுனி ஒன்றிரண்டு இல்லாவிட்டால் பரவாயில்லை. வெளுத்தே இருப்பது, தோலில் வெள்ளைப் புண், உறிஞ்சிகள் வெளியே தெரியக் கைகள் சுருண்டு கிடப்பது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் பையில் மை இருக்கிறதா என்று பாருங்கள். மையிலுள்ள கோழை செவுள்களில் ஒட்டி, சின்ன இடத்தில் அதுவே மூச்சடைக்க வைக்கும். மை இருந்தால் அதே வெப்பநிலையும் உப்படர்த்தியும் உள்ள சுத்தமான தண்ணீருக்கு உடனே மாற்றுங்கள். இல்லையென்றால்:

அறையில் விளக்கை அணைத்து, மூடியுள்ள 15 லிட்டர் வாளியில் பைத் தண்ணீரோடு விடுங்கள். வாளிக்குள் காற்றைக் குமிழாக விடும் ஏர் ஸ்டோன்.
ஏர்லைன் குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை விநாடிக்கு மூன்று நான்கு சொட்டாக இறக்குங்கள்.
இரண்டரை, மூன்று மணி நேரத்தில் தண்ணீர் மூன்று மடங்காகும். உப்படர்த்தி, பிஎச், வெப்பநிலை மூன்றும் தொட்டியோடு ஒத்துப்போகின்றனவா என்று அளந்து பாருங்கள்.
வலையில் அள்ளாதீர்கள், கைகள் சிக்கும். ஒரு டப்பாவில் நீரோடு மொண்டு, தொட்டிக்குள் சாய்த்து, தானாக வெளியே வரவிடுங்கள். வாளித் தண்ணீர் தொட்டிக்குள் வேண்டாம்.

முதல் சில நாள் கண்ணில் படாமல் இருந்தால் கவலை வேண்டாம். பாறையைப் புரட்டித் தேடுவதுதான் கெடுதல். இரவில் ஒரு சிறு நண்டை விடுங்கள். காலையில் வெறும் ஓடு கிடந்தால் எல்லாம் நலம்.

6. தீனி

உடல் ஓர் எலுமிச்சை அளவு இருக்கும் பைமாக்குக்கு நாளொன்றுக்கு நடுத்தர இறால் ஒன்று, அல்லது ஓடு 2–3 செ.மீ. உள்ள நண்டு ஒன்று. வாரத்தில் ஒரு நாள் பட்டினி. குட்டிகளுக்குத் தினமும், சிறு சிறு நண்டுகளும் மைசிஸ் என்ற பொடி இறாலும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது உயிருள்ள நண்டு கிடைக்க வேண்டும். வேட்டையாடுவது அதன் உடம்புக்கும் மூளைக்கும் வேலை. மீதி நாள்களுக்குப் பச்சை இறால், மட்டி, சிப்பி. உறைய வைத்து, பிறகு குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இளக விட்டுக் கழுவிக் கொடுக்கலாம். பாக்கெட் இறாலில் பாஸ்பேட் சேர்த்திருக்கிறார்களா என்று லேபிளைப் படியுங்கள்.

வயல் நண்டு கொடுக்காதீர்கள். பூச்சிமருந்து அதோடு வரும். தங்கமீன், கப்பி போன்ற நன்னீர் மீன்களில் கடல் உயிருக்கு வேண்டிய கொழுப்பு இல்லை. பெரிய சேற்று நண்டின் கொடுக்கு ஆக்டோபஸையே வெட்டிவிடும். தின்ற மிச்சத்தை இரண்டு மூன்று மணி நேரத்தில் இடுக்கியால் எடுத்துவிடுங்கள்.

துணைக்கு மீன் விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்று அது மீனைத் தின்னும், அல்லது மீன் அதன் கண்ணையும் தோலையும் கொத்தும். இன்னொரு ஆக்டோபஸ் என்றால் நிச்சயம் ஒன்று மற்றதைத் தின்னும். கடல் சாமந்தியும் கொட்டும் பவளமும் அதன் வெறும் தோலைச் சுட்டுவிடும்.

7. விளையாட்டும் கையும்

சலித்துப்போன ஆக்டோபஸ் குழாயைப் பிடுங்கும், மூடியைத் தள்ளும், தன் கைநுனியையே கடிக்கும். வாரத்துக்கு மூன்று நான்கு முறை ஏதாவது வேலை கொடுங்கள். திருகு மூடியுள்ள பிளாஸ்டிக் ஜாடியில் நண்டை வைத்து, முதல் வாரம் மூடியில்லாமல், அடுத்து மூடியை வெறுமனே வைத்து, பிறகு அரைச் சுற்று திருகி, கடைசியில் முழுதாக இறுக்கி என்று படிப்படியாகப் போங்கள். பிளாஸ்டிக் கட்டைகள், வெவ்வேறு விட்டமுள்ள பிவிசி துண்டுகள், தொட்டிக்கு வெளியே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் உதவும். உலோகம், சாயம் பூசியது, காந்தம் வேண்டாம்.

சியாட்டில் அக்வேரியத்தின் ராட்சத ஆக்டோபஸ்கள் ஆள் அடையாளம் கண்டுகொள்வதை 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பைமாக்கும் தீனி தருபவரைக் கண்டுகொள்ளும் என்பதில் வளர்ப்பவர்களுக்குச் சந்தேகம் இல்லை. தொட்டிக்குள் கையை நுழைப்பதற்கு முன் முழங்கை வரை வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். சோப்பு, கிரீம், சானிடைசர், சிகரெட் வாடை எதுவும் கூடாது. பிடித்துக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். கையைத் தளர்த்தி, மற்றொரு கையால் உறிஞ்சிகளை நுனியிலிருந்து மெதுவாக உரித்தெடுங்கள். எல்லா ஆக்டோபஸ் கடியிலும் கொஞ்சம் விஷம் உண்டு; கழுவுங்கள், வீக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் மருத்துவமனை.

8. அன்றாடம், கோளாறுகள்

தினமும் வெப்பநிலை, கொக்கிகள், ஆள் இருக்கும் இடம். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஸ்கிம்மர் கோப்பை. வாரம் ஒருமுறை சோதனையும் 30 லிட்டர் தண்ணீர் மாற்றமும். அதற்கு உப்பு 1.1 கிலோ.

தொட்டியில் மை விட்டால், மெல்லிய வலையால் மைக் கோழையை அள்ளுங்கள், புதிய கார்பன் போடுங்கள், 20–25 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். இதற்காகவே கலந்து வைத்த 60 லிட்டர் உப்புநீர் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். ஸ்கிம்மர் பொங்கி வழியும், கோப்பையைக் கவனியுங்கள். அடிக்கடி மை விட்டால் கைகாட்டிப் பயமுறுத்தும் ஆளோ, திடீரென்று எரியும் விளக்கோ, தண்ணீரில் கோளாறோ இருக்கிறது.

ஆளைக் காணோம் என்றால் முதலில் சம்ப், அடுத்து ஓவர்ஃப்ளோ பெட்டி, பிறகு தரை. தரையில் கண்டெடுத்தது ஈரமாக இருந்தால், செத்ததுபோல் தெரிந்தாலும், நீரோட்டம் உள்ள இடத்தில் ஏர் ஸ்டோனுக்குப் பக்கத்தில் விடுங்கள், பிழைத்துவர வாய்ப்புண்டு.

9. முட்டையும் முதுமையும்

ஆணுக்கு வலப்பக்க மூன்றாம் கையின் நுனியில் உறிஞ்சிகள் இருக்காது. அந்தக் கையைப் பெரும்பாலும் சுருட்டியே வைத்திருக்கும். பெண் ஒருநாள் வளையின் வாசலைக் கற்களால் அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தால் முட்டையிட்டிருக்கிறது. கடலில் பிடித்த பெண் விந்துவை மாதக்கணக்கில் சேமித்து வைத்திருக்கும் என்பதால், தனியாக இருந்தாலும் கருவுற்ற முட்டை வரலாம். பைமாக்கின் முட்டை பெரியது. பொரியும் குஞ்சு மிதக்காமல் நேரே தரையில் இறங்கும், அதனால் வீட்டில் வளர்க்கச் சாத்தியம் உண்டு. ஒன்றையொன்று தின்னாமல் இருக்கத் துளையிட்ட தனித்தனிக் கோப்பையில் விட்டு, உயிருள்ள மைசிஸ் தினமும் கொடுக்க வேண்டும்.

தாய் முட்டைக்குக் காவல் இருக்கும்போது சாப்பிடாது, முடிந்ததும் இறந்துவிடும். இது நோயல்ல. கண்களுக்கு நடுவிலுள்ள பார்வைச் சுரப்பி நடத்தும் வேலை: 1977-இல் ஜெரோம் வோடின்ஸ்கி என்ற ஆய்வாளர் அந்தச் சுரப்பியை அகற்றியபோது பெண் ஆக்டோபஸ்கள் முட்டைகளை விட்டுவிட்டு மறுபடி சாப்பிட்டு, அதிக நாள் வாழ்ந்தன. ஆணுக்கும் முதுமை இப்படித்தான் வரும்: தீனி மறுப்பு, நோக்கமின்றி அலைதல், தோலில் ஆறாத வெள்ளைப் புண். மருந்து ஊற்றாதீர்கள். விளக்கைக் குறைத்து, சின்னத் துண்டுகளாகத் தீனியை நீட்டி, கொக்கிகளை இருமுறை பாருங்கள். இந்த அலைச்சலில்தான் பலவும் வெளியே விழுகின்றன. வேதனை நீண்டால், மெக்னீசியம் குளோரைடு கொண்டு மயக்கி முடிக்க நீர்வாழ் உயிர்கள் தெரிந்த கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். உயிரோடு உறைபெட்டியில் வைப்பதும் கடலில் விடுவதும் கூடாது.

இறந்ததை அன்றே எடுத்துவிடுங்கள், ஒரே இரவில் அம்மோனியா ஏறிவிடும். பாதித் தண்ணீரையும் கார்பனையும் மாற்றுங்கள். இன்னொன்று வாங்கும் எண்ணம் இருந்தால் சில்லரை நிறுத்தினாலும் பம்பை நிறுத்தாமல், நான்கைந்து ஹெர்மிட் நண்டுகளை விட்டு தினமும் ஒரு துண்டு இறால் போட்டு வாருங்கள். பாக்டீரியா பசியில் செத்துவிட்டால் மறுபடி அந்த மூன்று மாதக் காத்திருப்பைத் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டிவரும்.